மாமியார் வீட்டு மர அலமாரிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்கலாமா? (கையில் 6,000 ரூபாய்)

மாடிவீட்டு மல்லிகை | ஐப்பசி முதல் வாரம்

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் மாமியார் வீட்டைக் காலி செய்துவிட்டோம். விற்றது, கொடுத்தது போக மூன்று சாமான் எங்கள் நங்கநல்லூர் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

முதலாவது இரட்டைக் கதவு மர அலமாரி. ஆறடி உயரம், கன்னங்கரேல் என்று இருக்கிறது, தொட்டால் கையில் பிசுக்கு ஒட்டுகிறது. அடுத்தது பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலி. உட்காரும் இடம் தொட்டில் மாதிரி தொங்குகிறது. கடைசியாக ஒரு பச்சை ஸ்டீல் பீரோ, அடியில் துரு.

எங்கள் ஹால் சின்னது, வெளிச்சமும் கம்மி. அந்த அலமாரி வந்து நின்றதிலிருந்து பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கிறது. வெள்ளைப் பெயிண்ட் அடித்து, தங்க நிறக் கைப்பிடி போட்டு இன்ஸ்டாகிராமில் காட்டுகிறார்களே, அப்படிச் செய்ய ஆசை. கணவர் “உன் இஷ்டம்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், அவரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. மூன்றுக்கும் சேர்த்து 6,000 ரூபாய்க்கு மேல் முடியாது. தீபாவளிக்குள் முடிந்துவிடுமா?

வெள்ளைச்சுவர்

தாராளமாக அடியுங்கள் சகோ. நான் போன வருடம் டிவி ஸ்டாண்டு, செருப்பு அலமாரி இரண்டுக்கும் அடித்தேன். 180-ஆம் நம்பர் எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்து, பிரைமர் ஒரு கோட், தண்ணீரில் கரைக்கும் எனாமல் இரண்டு கோட். ஒரு சனி ஞாயிறில் முடிந்தது, செலவு 1,400. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். பழசு என்பதற்காகக் கருப்பாகவே இருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

சிடுமூஞ்சி சித்தப்பா

குத்துவிளக்குக்கு சில்வர் பெயிண்ட் அடிக்கிற கோஷ்டி வந்துவிட்டது.

வெள்ளைச்சுவர்

சித்தப்பா, என் செருப்பு அலமாரி பிளைவுட். அதில் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

தச்சன் பேரன்

சண்டை வேண்டாம். மல்லிகை அக்கா, பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன்னால் அலமாரியோடு அரை மணி நேரம் உட்காருங்கள். என்ன மரம், மேலே என்ன பூச்சு, பூச்சி இருக்கிறதா என்று மூன்று விஷயம் தெரிய வேண்டும். அது தெரியாமல் வாங்கும் டப்பா எல்லாம் தண்டச் செலவு.

மரத்துக்கு: முகப்பைப் பார்க்காதீர்கள். கீழ்த்தட்டின் அடிப்பக்கம், முதுகுப் பலகை இவற்றில் பாலிஷ் போட்டிருக்க மாட்டார்கள். அங்கே பிளேடால் நகக்கண் அளவு சுரண்டுங்கள். உள்ளே தேன் நிறம் தெரிந்து, தோல் பை மாதிரி ஒரு வாசனை வந்து, சுரண்டிய இடம் விரலுக்கு எண்ணெய்ப் பசையாக இருந்தால் தேக்கு. கும்பகோணம் பக்கத்துப் பழைய வீட்டுச் சாமான் என்றால் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். முகப்பு மட்டும் தேக்கு, முதுகும் தட்டும் மட்ட மரம் என்று செய்வதும் உண்டு. என் தாத்தாவே செய்திருக்கிறார்.

பூச்சுக்கு: ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கதவின் உள் ஓரத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இளகி, பிசின் மாதிரி பஞ்சு ஒட்டிக்கொண்டால் அது அரக்குப் பாலிஷ். அதாவது பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னரில் கரைந்தால் லாக்கர். தின்னர் பட்டுச் சுருங்கிக் கொப்பளித்தால் எனாமல் பெயிண்ட். அரக்காக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அரக்கின் மேல் புது அரக்கு போட்டால் பழைய கோட்டை இளக்கி அதோடு கலந்துவிடும். சுரண்டி எடுக்கும் வேலையே இல்லை.

பூச்சிக்கு: குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருக்கிறதா, கீழே மைதா மாதிரி பொடி கொட்டுகிறதா பாருங்கள். ஓட்டை இருப்பதாலேயே பயப்பட வேண்டாம், வண்டு என்றைக்கோ பறந்து போயிருக்கலாம். அடியில் கருப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் விடுங்கள். புதுப்பொடி விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. வைரம் பாய்ந்த பகுதியை இந்த வண்டு அவ்வளவாகத் தொடாது. ஓரத்தில் வெளிறிய பகுதி இருக்கும் பாருங்கள், அதில்தான் மாவுச்சத்து, அதைத்தான் தின்னும்.

இன்னொன்று. அந்தப் பிசுக்கு மரத்தின் குணம் இல்லை. வருடா வருடம் யாரோ தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் காயாது. தூசியும் அடுப்புப் புகையும் அதில் ஒட்டி ஒட்டித்தான் இந்தக் கருப்பு.

மாடிவீட்டு மல்லிகை

தச்சன் பேரன் தம்பி, மாமியாரிடம் மெல்லக் கேட்டேன். “ஆமாம், ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் போட்டு நான்தானே துடைப்பேன்” என்றார், பெருமையாக! அவருக்குக் கல்யாணமாகி 41 வருடம். 41 கரண்டி எண்ணெய். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்பிரிட் பஞ்சு ஒட்டிக்கொண்டது. சுரண்டிய இடம் நீங்கள் சொன்ன அதே தேன் நிறம். ஓட்டைகள் கீழ்ப்பலகையில் மட்டும் இருக்கின்றன. காகிதம் விரித்திருக்கிறேன்.

ஆனால் ஹால் இருட்டு இருட்டுதானே? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கோரைப்பாய்

அதற்கு நான் சொல்கிறேன் மல்லிகை. அலமாரியைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அதன் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரைப் பாருங்கள். நாங்கள் பாளையங்கோட்டையில் இருந்த வீட்டில் இதே கதைதான், கருப்பு பெஞ்சு, பச்சைச் சுவர், குகை மாதிரி ஹால். ஹவுஸ் ஓனரிடம் கேட்டு அந்த ஒரு சுவருக்கு மட்டும் வெளிர் மஞ்சள் அடித்தோம். மர நிறம் அதன் மேல் எடுப்பாகத் தெரிந்தது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு பழைய டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைக் கழற்றி மாட்டினோம். பாதி வெளிச்சம் அதிலிருந்தே வந்தது.

திரைச்சீலையையும் பாருங்கள். கனமான பாலியெஸ்டர் தொங்கினால் எந்த ஹாலும் இருட்டுத்தான். உடுத்தாத சுங்குடிச் சேலை இருந்தால் எடுங்கள். ஐந்தரை மீட்டர் சேலையில் ஏழடி வாசலுக்கு மடிப்புத் தையலோடு இரண்டு திரை வரும். மிச்சம் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் நிற்கும். அதில் 16 அங்குலக் குஷனுக்கு இரண்டு உறை கச்சிதமாக வெட்டலாம். நான் வெட்டியிருக்கிறேன், கையகலத் துணிகூட வீணாகவில்லை. வெயில் நேரே அடிக்கும் ஜன்னலுக்கு மட்டும் உள்ளே வெள்ளை மல் துணி கொடுத்துத் தையுங்கள், இல்லாவிட்டால் ஒரே கோடையில் சாயம் வெளுத்துவிடும்.

நாற்காலியின் தொட்டில் சரியாகும், கவலைப்படாதீர்கள். பிரம்பு அறுந்திருக்கிறதா, வெறும் தொய்வா?

மாடிவீட்டு மல்லிகை

ஒரு மூலையில் இரண்டு இழை அறுந்திருக்கிறது அக்கா. மற்றபடி தொய்வுதான்.

கோரைப்பாய்

அப்படியென்றால் காசு செலவில்லை. நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள். பிரம்பின் மேல்பக்கம் வழவழ என்று இருக்கும், தண்ணீர் குடிக்காது. அடிப்பக்கம்தான் குடிக்கும். கொதிக்கக் கொதிக்க இல்லாமல் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் எடுத்து, துண்டை நனைத்து அடிப்பக்கத்தில் போர்த்தி அரை மணி வையுங்கள். அப்புறம் நிழலில், காற்றோட்டமாக, ஒரு நாள் முழுக்க யாரும் உட்காராமல் காய விடுங்கள். காயும்போது இழுத்துக்கொண்டு மத்தளம் மாதிரி ஆகிவிடும். அறுந்த இரண்டு இழையை மட்டும் புதுப் பிரம்பு ஊற வைத்துக் கோக்க வேண்டும். பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னக் கற்றுக்கொடுப்பார்கள், அப்படிக் கற்றவர்கள் உங்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். எங்கள் வீட்டு ஈசிசேர் அப்படி ஒருவர் பின்னியது. விரலாலேயே எண்ணிப் பின்னிய வேலை, ஒரு கட்டம் பிசகவில்லை.

யாழ் கதிரை

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் இதைக் கதிரை என்றுதான் சொல்லுவோம். போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். உங்கள் அலமாரியும் ஜன்னலும் மேசையும் அவர்கள் கொண்டுவந்ததுதான், ஆகவே என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

இங்கே குப்பை எடுக்கிற நாளுக்கு முதல் நாள் இரவு தெருவோரம் நல்ல நல்ல தளபாடம் கிடக்கும். வந்த புதிதில் எங்கள் வீட்டில் பாதி அப்படி வந்ததுதான். ஒரு மெத்தை வைத்த கதிரை தூக்கி வந்து, மூன்று மாதம் மூட்டைப்பூச்சியோடு போராடினோம். அன்றிலிருந்து மரம், இரும்பு மட்டும்தான், துணி தைத்தது எதுவும் வாசற்படி தாண்டாது. இந்தியாவில் பழைய சோபா வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்லுவேன்.

லாச்சி இறுகி இழுபடாவிட்டால் (நீங்கள் டிராயர் என்பீர்கள்) ஓடும் தடத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் விடவேண்டாம், தூசி ஒட்டி இன்னும் இறுகும்.

துருப்பிடித்தவன்

பீரோவைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் வந்தேன். மதுரையில் கார் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஓய்ந்த நேரத்தில் பீரோவும் வரும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பச்சை பீரோ அதற்கு ரொம்ப முந்தியது. அதை உலர வைத்துத் தேய்த்தால் பறக்கும் பொடி குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஆகாது. வாட்டர் பேப்பர் வாங்கி, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேயுங்கள். வழியும் சகதியைப் பழந்துணியில் துடைத்துக் கட்டிக் குப்பையில் போடுங்கள், சாக்கடையில் விடாதீர்கள். முகக்கவசம் போடுங்கள்.

துரு உள்ள இடத்தில் மட்டும் இரும்பு பிரஷ் போட்டு, பளபள என்று தகரம் தெரியும்வரை எடுங்கள். ஈரத்தை உடனே துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். நாளைக்கு ஆகட்டும் என்று விட்டால் காலையில் செம்பொடி பூத்து நிற்கும். பள்ளம் இருந்தால் பட்டி பார்த்து, காய்ந்ததும் 320 வாட்டர் பேப்பர். பழைய பெயிண்ட் உரியாமல் கெட்டியாக ஒட்டியிருக்கும் இடத்தை முழுக்கச் சுரண்டத் தேவையில்லை, பளபளப்பு போனால் போதும்.

கணக்குச் சொல்கிறேன். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள பீரோவுக்கு முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மேல்மூடி எல்லாம் சேர்த்து 45 சதுர அடி சுமாருக்கு வரும். எனாமல் இரண்டு கோட்டுக்கு அரை லிட்டரே போதும். கடைக்காரர் 4 லிட்டர் டப்பாவைக் காட்டினால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். ஸ்ப்ரே டப்பா பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நாலைந்து டப்பா தீரும், பிரஷ் வேலையைவிட மூன்று மடங்கு காசு.

முடிந்ததும் நாலு காலுக்கும் கீழே கட்டையோ பிளாஸ்டிக் கிண்ணமோ வையுங்கள். பீரோவுக்கு எமன் மழை இல்லை, தினமும் வீடு துடைக்கும் மாப்புத் தண்ணீர்.

சிடுமூஞ்சி சித்தப்பா

இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான்.

மாடிவீட்டு மல்லிகை

துருப்பிடித்தவன் அண்ணா, ரொம்ப நன்றி. கருப்புக் காகிதத்தில் பொடி விழுந்திருக்கிறது. கீழ்ப்பலகையில் ஆள் இருக்கிறார். தம்பி, என்ன செய்ய?

இதற்கிடையில் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். ஆன்லைனில் தங்க நிறக் கைப்பிடி நான்கு வாங்கினேன், 480 ரூபாய். அதில் துளைக்குத் துளை 96 மில்லிமீட்டர். நம் அலமாரியில் அளந்தால் 90. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

தச்சன் பேரன்

இப்போதைய கைப்பிடிகள் 32-இன் மடங்கில்தான் வரும் அக்கா, 96, 128 என்று. தாத்தா காலத்து ஆசாரிகள் அங்குலத்தில் துளை போட்டவர்கள். அளந்துவிட்டு வாங்குவது எல்லோருக்கும் ஒரு முறை 480 ரூபாய் கட்டிக் கற்றுக்கொள்ளும் பாடம். பழைய கைப்பிடி பித்தளையா? புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பாருங்கள்.

கீழ்ப்பலகையைக் கழற்றி மாற்றிவிடுங்கள். அந்தக் காலத்து வேலையில் மூட்டுகளுக்கு வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டியிருப்பார்கள், அது சூடான ஈரத்துணி வைத்தால் இளகிக் கொடுக்கும். சுத்தியலால் அடித்துப் பிளக்காதீர்கள். பக்கத்தில் ஆசாரி யாராவது இருந்தால் பலகையோடு சேர்த்து ஆயிரம், ஆயிரத்து இருநூறு கேட்பார், கொடுக்கலாம். சுற்றியுள்ள சில ஓட்டைகளில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மரப்பூச்சி மருந்தை ஊசி போடும் சிரிஞ்சால் ஏற்றி, மெழுகால் அடைத்துவிடுங்கள். பாலிஷ் போடுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும், மேலே பாலிஷ் இருந்தால் மருந்து உள்ளே போகாது. கையுறை கட்டாயம். கீல் திருகு ஆடினால் ஓட்டையில் ஃபெவிகால் தொட்ட தீக்குச்சி இரண்டைச் சொருகி ஒடித்துவிட்டு, மறுநாள் திருகுங்கள்.

அப்புறம் கழுவல். டர்பென்டைன் நனைத்த துணியால் முதலில் எண்ணெயை எடுங்கள். பத்துப் பன்னிரண்டு துணி கருப்பாகும், மனம் தளராதீர்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி, நன்றாகப் பிழிந்த துணி. சோடா மாவு வேண்டவே வேண்டாம், தேக்கைக் கருக்கிவிடும். கழுவி இரண்டு நாள் காய்ந்த பிறகு என்ன நிறம் என்று சொல்லுங்கள். பெயிண்டா பாலிஷா என்பதை அப்போது பேசுவோம்.

ஒரே ஒரு வேண்டுகோள், தீபாவளியை மறந்துவிடுங்கள். அரக்கு மழைக்காலத்துக்கு ஆகாது.

ஐப்பசி அவசரம்

அதற்கு நான்தான் சாட்சி! போன வருடம் அடைமழையில் என் அப்பாவின் எழுதுமேசைக்கு அரக்குப் பாலிஷ் போட்டேன். மறுநாள் காலை முழு மேசையும் பால் ஊற்றியது மாதிரி வெள்ளை பூத்திருந்தது. காற்றில் உள்ள ஈரம் காயாத பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறதாம். அழாத குறை. தை மாதம் நல்ல வெயிலில் ஸ்பிரிட் மட்டும் லேசாகத் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்ததும் மாயமாக மறைந்தது. அந்த இரண்டு மாதமும் வீட்டில் என் பெயர் பால்காரன்.

வெள்ளைச்சுவர்

நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். டிவி ஸ்டாண்டுக்குப் பிறகு தைரியம் வந்து, மாமா வீட்டுத் தேக்கு முக்காலிக்கும் அதே முறையில் வெள்ளை அடித்தேன். ஒரு மாதத்தில் டீ கொட்டியது போலப் பழுப்புத் திட்டு வெளியே வந்துவிட்டது. இரண்டு முறை மேலே அடித்தும் திரும்பி வந்தது.

தச்சன் பேரன்

தேக்கின் சத்து தண்ணீர்ப் பெயிண்டில் கசிந்து வரும். அடித்தே தீருவேன் என்றால் முதலில் மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கோட் போட்டு அடைத்துவிட்டு, அதன் மேல் பெயிண்ட் அடிக்க வேண்டும். நான் பெயிண்டுக்கு எதிரி இல்லை. பிளைவுட், ரப்பர் மரம், நிறம் ஒட்டாத மட்ட மரம் எல்லாவற்றுக்கும் பெயிண்ட்தான் அழகு. தண்ணீர் குடித்து உப்பிய பார்ட்டிகிள் போர்டுக்கு மட்டும் இரண்டும் வேண்டாம், தூக்கிப் போடுங்கள். தேக்குக்கு அடித்தால் இழைக் குழிகளில் இறங்கிய வெள்ளையை நாளைக்கு யாராலும் முழுசாக எடுக்க முடியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நின்று பாருங்கள், இந்த மாதிரிச் சாமானைத் தேடி எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள்.

பாலிஷுக்குச் செய்முறை: 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் செதில். கண்ணாடிப் பாட்டிலில் முதல் நாள் இரவே போட்டு அவ்வப்போது குலுக்குங்கள். இரும்பு டப்பா வேண்டாம், அரக்கு கருத்துவிடும். கரைத்ததைச் சில மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், பழசானால் காயவே காயாது. பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் உருண்டையாகக் கட்டி, இழை வாக்கில் நீளமாக இழுங்கள். போன இடத்துக்கே உடனே திரும்பப் போகாதீர்கள். மணிக்கு ஒரு கோட், ஒரு நாளைக்கு மூன்று போதும். நடுவில் 400 பேப்பரால் தடவிக்கொடுங்கள். பக்கத்தில் விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது.

யாரோ ஆளி விதை எண்ணெய் போடலாமா என்று தனிச்செய்தியில் கேட்டீர்கள். போடலாம், தேங்காய் எண்ணெய் மாதிரி இல்லை, அது காயும். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கதை இல்லை. தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப் போடுங்கள்.

மாடிவீட்டு மல்லிகை | தை இரண்டாம் வாரம்

மன்னிக்கவும், மூன்று மாதம் கழித்து வருகிறேன். எல்லாம் முடிந்தது.

நாற்காலி மத்தளம்தான், கோரைப்பாய் அக்கா வாழ்க. பீரோ இப்போது சாம்பல் கலந்த நீலம். பிரைமர், பட்டி, பெயிண்ட், பேப்பர், பிரஷ் எல்லாம் 1,150. முழங்கை வலி தனி. அலமாரிக்குக் கீழ்ப்பலகை மாற்ற ஆசாரிக்கு 1,200. டர்பென்டைன், மருந்து, ஸ்பிரிட், அரக்கு வகையில் 1,600. உதவாத கைப்பிடி 480. மொத்தம் 4,430. மிச்சப் பணத்தில் சுவருக்கு வெளிர் மஞ்சள் அடித்தாயிற்று.

வெள்ளை அடிக்கவில்லை. நாலாவது துணி கருப்பான பிறகு கதவின் நடுப்பலகையில் அலை அலையாக இழை தெரிய ஆரம்பித்தது. மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், “இது இந்த நிறமா?” என்றார். 41 வருடமாகத் துடைத்தவர்! அப்புறம் அவரே ஒரு துணியை எடுத்துக்கொண்டார். புளி போட்ட கைப்பிடி, வாங்கிய தங்க நிறத்தைவிடத் தங்கமாக இருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. இடது கதவின் உட்பக்கம் பிசுக்கை எடுத்தபோது பென்சிலில் பால் கணக்கு வந்தது. கோடு கோடாக, பக்கத்தில் தேதி. மாமியாரின் மாமியார் எழுத்தாம். அந்த இடத்தில் மட்டும் கை வைக்காமல் விட்டிருக்கிறேன். பாலிஷ் போட்டால் அழிந்துவிடுமா?

தச்சன் பேரன்

பென்சில் ஸ்பிரிட்டில் கரையாது அக்கா. தேய்த்தால்தான் கலையும். துணியால் இழுக்காமல், அரக்கில் இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்து தண்ணீர் மாதிரி ஆக்கி, மெல்லிய தூரிகையால் ஒற்றி ஒற்றி இரண்டு கோட் வையுங்கள். பேப்பர் போடாதீர்கள். கண்ணாடி போட்டது மாதிரி உள்ளே நிற்கும்.

மாடிவீட்டு மல்லிகை

ஒற்றியாயிற்று, எழுத்து அப்படியே இருக்கிறது. மாமியார் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூட்டிப் பார்த்துவிட்டார். பால்காரருக்கு இன்னும் மூன்று நாள் காசு கொடுக்க வேண்டுமாம்.